7805 சும்மா இருக்கும்போதும் கரண்ட் எடுக்கும்

வாய்க்கால் நீர்மட்டம் பார்க்கும் கருவிக்கு 9 வோல்ட் பேட்டரியும், அதை 5 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் 7805 ரெகுலேட்டர் சிப்பும் போதும், கருவியின் போர்டு வேலையில்லாமல் தூங்கும்போது (ஸ்லீப் நிலை) ரெகுலேட்டர் கரண்ட் எதுவும் எடுக்காது என்று மேலே ஒருவர் சொல்லியிருக்கிறார். பலரும் அதை அப்படியே பகிர்கிறீர்கள். அது சரியில்லை, நண்பரே. போர்டு தூங்கினாலும் 7805 தூங்காது. தன் வேலைக்கென்றே சுமார் 5 மில்லி ஆம்பியர் எடுத்துக்கொண்டே இருக்கும்.

சாதாரண 9 வோல்ட் அல்கலைன் பேட்டரியில் ஏறக்குறைய 500 மில்லி ஆம்பியர் மணி இருக்கும். கணக்குப் போட்டால் 100 மணி நேரம், அதாவது 4 நாள்தான். மேட்டூர் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேருவதற்குள் பேட்டரி படுத்துவிடும். மன்னார்குடிப் பக்கம் எங்கள் வயல் மதகில் நானும் இப்படித்தான் மாட்டினேன். ஐந்தாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் பெட்டிக்குள் விளக்கே எரியவில்லை.

நீங்களே சோதிக்கலாம். 7805-இன் அவுட்புட்டில் எதையும் இணைக்காதீர்கள். மல்டிமீட்டரை 20 மில்லி ஆம்பியரில் வைத்து, பேட்டரி பிளஸ்ஸுக்கும் இன்புட் காலுக்கும் நடுவே தொடராகப் போடுங்கள். எனக்கு 4.6 காட்டியது. தயாரிப்பாளர் தரும் டேட்டாஷீட்டில் 'குவைசென்ட் கரண்ட்' (சிப் தனக்கென்று எடுக்கும் கரண்ட்) என்ற வரியிலும் இதே விஷயம் இருக்கிறது, உச்சம் 8 மில்லி ஆம்பியர் என்று.

7805-க்குப் பதில் எச்டி7550 (HT7550) என்ற 5 வோல்ட் ரெகுலேட்டர் போடலாம். அது எடுப்பது சில மைக்ரோ ஆம்பியர்தான், 9 வோல்ட்டையும் தாங்கும். ஆனால் 100 மில்லி ஆம்பியருக்கு மேல் தராது. அப்புறம், கால் வரிசை வேறு, பார்த்து சால்டர் பண்ணுங்கள்.