ஸ்டாம்ப் டியூட்டியில் பிழை விட்டதற்குக் கெயார் வேலையை ஏன் இழுக்கிறீர்கள்?

முன்பு முதியவர்களைப் பராமரிக்கும் கெயார் வேலை செய்து, பிறகு பிரித்தானியத் துணைப் பிரதமராக இருந்த ஏஞ்சலா ரெய்னரைப் பற்றி எங்கள் அண்ணர் ஒருவர் போட்ட பதிவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பாதிப்பேர் சிரிப்புக்குறியும் போட்டிருக்கிறீர்கள், பெயர்கள் தெரிகின்றன. "கெயார் வேலை செய்ததைக் கொண்டுபோய்த் துணைப் பிரதமராக இருத்தினால் கணக்கு இப்படித்தான் வரும்." நல்ல பகிடி.

ரெய்னர் 2025 செப்டம்பர் 5, வெள்ளிக்கிழமை பதவி விலகினார். விலகத்தான் வேண்டும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் "நீ லேபர் கட்சிக்காரி" என்று தொடங்கிவிடுவீர்கள். ஹோவ் என்ற கடலோர ஊரில் 8 லட்சம் பவுணுக்கு வீடு வாங்கி, வீடு வாங்கும்போது கட்டுகிற வரியான ஸ்டாம்ப் டியூட்டியில் 40,000 பவுண் குறையக் கட்டினார். வீடமைப்புக்குப் பொறுப்பான அமைச்சர் அதைச் செய்துவிட்டுக் கதிரையில் இருக்க முடியாது. சரி.

ஆனால் பிழை எங்கே நடந்தது என்று அண்ணர் எழுதினாரா? தன் தொகுதியான ஆஷ்டனில் இருந்த குடும்ப வீட்டில் தனக்கிருந்த பங்கை, வாழ்நாள் முழுக்கப் பராமரிப்புத் தேவைப்படும் மகனுக்காகச் சொத்தைக் காக்கும் டிரஸ்டுக்கு விற்றிருந்தார். தனக்கு இனி அங்கே வீடில்லை என்று நினைத்தார். மகனுக்கு 18 ஆகாதபடியால் சட்டம் அந்த வீட்டையும் அவருடையதாகவே எண்ணியது; அதனால் ஹோவ் வீடு இரண்டாவது வீடாகி, கூடிய வரி வந்தது. விசாரித்த, பிரதமரின் நெறிமுறை ஆலோசகர் லாரி மக்னஸ், நேர்மையாகத்தான் நடந்தார் என்றும், வரி நிபுணரிடம் கேட்கச் சொல்லியும் கேட்காததால் அமைச்சர்களுக்கான விதியை மீறினார் என்றும் எழுதினார். இதில் கெயார் வேலை எந்த வரியில் வருகிறது?

நதீம் சஹாவி ஞாபகமா? நிதியமைச்சராகவே இருந்தவர். வரிச் சிக்கலில் தண்டமும் கட்டி, இதே மக்னஸின் அறிக்கையோடு 2023 ஜனவரியில் அப்போதைய பிரதமர் சுனக்கால் அமைச்சரவையிலிருந்து நீக்கப்பட்டார். கெமிக்கல் எஞ்சினியரிங் படித்தவர். "எஞ்சினியரைக் கொண்டுபோய் இருத்தினால் இப்படித்தான்" என்று அப்போது யாராவது எழுதினீர்களா? நான் காணவில்லை.

இந்த இளக்காரம் வெள்ளிக்கிழமை தொடங்கியதும் இல்லை. 2022இல் ஒரு ஞாயிறுப் பத்திரிகை, நாடாளுமன்றத்தில் அவர் கால் மேல் கால் போடுவது அப்போதைய பிரதமர் போரிஸ் ஜோன்சனைத் திசைதிருப்பத்தான் என்று செய்தி போட்டது. அதே ஆண்டு கிளைன்ட்போர்ன் விழாவில் ஒபேரா என்ற இசை நாடகம் பார்க்கப் போனதற்கு அப்போதைய துணைப் பிரதமர் டொமினிக் ராப் சபையிலேயே நக்கலடித்தார். உள்ளூராட்சி வாடகைக்குக் கொடுக்கும் கவுன்சில் வீட்டில் வளர்ந்த பிள்ளை ஒபேரா பார்த்தால் குற்றம், பார்க்காவிட்டால் நாகரிகம் தெரியாதவள்.

ஸ்டொக்போர்ட்டில் எழுத வாசிக்கத் தெரியாத தாயிடம் வளர்ந்தவர். 16 வயதில் கர்ப்பமாகிப் பள்ளிக்கூடத்தை விட்டவர். வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரித்து, யூனிசன் தொழிற்சங்கத்தில் வளர்ந்து, 2015இல் ஆஷ்டன் தொகுதியின் முதல் பெண் எம்.பி. ஆனார். 2020இல் லேபர் கட்சியின் துணைத் தலைவர், 2024 ஜூலையில் துணைப் பிரதமர். கெயார் வேலை செய்ததால்தான், அவர் முன்னின்று கொண்டுவந்த தொழிலாளர் உரிமை மசோதாவில் கெயார் வேலைக்காரரின் சம்பளத்தைப் பேசித் தீர்மானிக்க ஓர் அமைப்பு வைக்கப்பட்டது. அந்தக் கணக்கு அவருக்குச் சரியாகத்தான் வந்திருக்கிறது, அண்ணர்.

நானும் அந்த வேலைதான் செய்தேன், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு வீட்டுக்குப் பதினைந்து நிமிடம். அதற்குள் எழுப்பி, கழுவி, உடுப்பு மாற்றி, குளிசை கொடுக்க வேண்டும். அடுத்த வீட்டுக்கு பஸ்ஸில் போகிற நேரத்துக்குச் சம்பளம் இல்லை. ஒரு கலியாண வீட்டில் "பிள்ளை என்ன செய்யுது?" என்று யாரோ கேட்க, அம்மா என் முகத்தைப் பார்க்காமல் "ஆஸ்பத்திரியில வேலை" என்றா. அம்மாவில் எனக்குக் கோபமில்லை. கேட்டவவின் முகம் அப்படி.

"அவரும் மற்றவர்களைப் பதவி விலகச் சொல்லிக் கத்தினாரே?" கத்தினார்தான். 2021இல் டோரிகளை, அதாவது கன்சர்வேட்டிவ் கட்சியினரை, வாய்க்கு வந்தபடி திட்டி, பின்பு மன்னிப்பும் கேட்டார். சரி, அடுத்தது.

"அப்ப படிப்பு முக்கியமில்லையா?" இது எங்கள் சனத்தின் பிரம்மாஸ்திரம். முக்கியம் இல்லையென்று நான் எங்கே எழுதினேன்? என் பிள்ளையும் டியூஷனுக்குப் போகிறாள். படித்தவர்கள் கட்டிய வரியெல்லாம் சரியா என்றுதான் கேட்கிறேன். கடைக்கணக்கை இரண்டு கொப்பியில் எழுதுகிற ஆட்களையும் எனக்குத் தெரியும், எல்லோரும் பட்டதாரிகள். அவர்கள் கோயில் மேடையில் பொன்னாடை வாங்குகிறார்கள். கெயாரர் வந்தால் பின்வரிசையில் இருத்துவீர்கள், சாப்பாட்டுக்குப் பிறகு பாத்திரம் கழுவக் கூப்பிடுவீர்கள்.

உங்கள் வீட்டுக்கும் காலை எட்டு மணிக்கு ஒரு பிள்ளை வருகிறாள், அண்ணர். மாமியைக் குளிக்க வார்க்கிறது அவள்தான். அந்தப் பதிவை அவளுக்கும் வாசித்துக் காட்டினீர்களா?

பின்னூட்டம் திறந்துதான் இருக்கிறது. ஸ்டாம்ப் டியூட்டி பற்றிக் கேட்டால் பதில் எழுதுவேன். கெயார் வேலை பற்றி நக்கலடித்தால் புளொக்.