பதறாதம்மா!

சித்தப்பா: பதறாதம்மா. மூச்ச இழு, நாலு எண்ணு, விடு.

ரேவதி: மணி 11 ஆயிருச்சு சித்தப்பா, ஸ்லீப்பர் தட்கல் ஓபன் ஆயிருச்சு, நான் நாலு எண்ணி முடிக்கறதுக்குள்ள நெல்லை எக்ஸ்பிரஸ் ஃபுல் ஆயிடும். ஓடிபி வந்துச்சா?

சித்தப்பா: வர வேண்டியது வரும்மா.

ரேவதி: நான் கேக்கறது ஓடிபி!

சித்தப்பா: நானும் அதத்தான் சொல்றேன். நம்ம கையில என்ன இருக்கு?

ரேவதி: உங்க கையில போன் இருக்கு! உங்க ஆதார் நம்பருக்குத்தான் வரும், பாருங்க.

சித்தப்பா: அத காலையிலேயே ஏர்ப்ளேன் மோடுல போட்டுட்டேன். மனசு எவ்ளோ தெளிவா இருக்கு தெரியுமா?

ரேவதி: ஐயோ, எடுத்து விடுங்க!

சித்தப்பா: ஏர்ப்ளேன்னதும் ஞாபகம் வருது. 2009ல நியூயார்க்ல பறவை மோதி ரெண்டு எஞ்சினும் போச்சு, அந்த கேப்டன் துளி பதறாம ஹட்சன் ஆத்துல கொண்டு போய் இறக்குனாரு, 155 பேரும் தப்பிச்சாங்க. அவரு இப்படி கத்துனாரா?

ரேவதி: பக்கத்து சீட்டு கோ-பைலட் கையேட்ட எடுத்து வச்சுகிட்டு எஞ்சின திரும்ப ஸ்டார்ட் பண்ண முடியுதான்னு ஒவ்வொண்ணா பாத்துட்டு இருந்தாரு சித்தப்பா. அவரும் 'கேப்டன், மூச்ச இழு, நாலு எண்ணு'ன்னு உக்காந்திருந்தா கேப்டனே ஆத்துல குதிச்சிருப்பாரு.

சித்தப்பா: சரி, தோனிய எடுத்துக்கோ.

ரேவதி: 2019ல ஜெய்ப்பூர்ல ஒரு நோ-பாலுக்காக அவுட் ஆகி வெளில உக்காந்திருந்தவரு கிரவுண்டுக்குள்ளயே நடந்து வந்துட்டாரு, மேட்ச் பீஸ்ல பாதி ஃபைன். கையில பேட் இருந்தா அவரு கூல், வெளில உக்காந்தா கொதிப்பாரு. உங்களுக்கு அப்படியே உல்டா!

சித்தப்பா: மூச்ச இழும்மா. இந்தா வந்துருச்சு. டியர் கஸ்டமர், உங்களுக்கு 5 லட்சம்...

ரேவதி: அது லோன்காரன்!

சித்தப்பா: அவன் பாரு எவ்ளோ பொறுமையா எழுதிருக்கான்.

ரேவதி: அடுத்தது, அடுத்தது! ...ம். போட்டாச்சு... வெயிட்டிங் லிஸ்ட் 64. தட்கல் வெயிட்டிங்ல 64லாம் கன்ஃபர்ம் ஆகவே ஆகாது.

சித்தப்பா: போனா போகுது விடு. அப்பா கார் சும்மாதான நிக்குது?

ரேவதி: திருநெல்வேலிக்கா? 600 கிலோமீட்டருக்கு மேல சித்தப்பா! அவரு நைட்டு ஷிப்ட் முடிச்சு இப்பதான் படுத்தாரு.

சித்தப்பா: அதனாலென்ன, நாளைக்குத்தானே. நான் பின்சீட்டுல படுத்துக்குவேன், எனக்கு எங்கயும் தூக்கம் வரும்.

ரேவதி: வரும், ஏன் வராது? உங்க டென்ஷன எல்லாம் வாங்கி வச்சுக்கத்தான் நாங்க ஒரு குடும்பமே இருக்கோமே.

சித்தப்பா: உங்கப்பன்தான் ஹைவேஸ்ல ரொம்ப பதறுவான். அவனுக்கும் அந்த மூச்சுப் பயிற்சி சொல்லிக் குடுக்கவா?

ரேவதி: குடுங்க. அவரு ஓட்டும்போதே குடுங்க, அப்பதான் ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருக்கும், நீங்க பொழைச்சுக்குவீங்க.