கொடிமலைக்கு ஒரு பாட்டில் தண்ணீர் போதாது

"தண்ணீர்மலைப் படி ஏறுகிறவர்களுக்குக் கொடிமலை ஒன்றுமே இல்லை. மேலே ஏசி போட்ட மாதிரி இருக்கும், மதியம் ஒரு பாட்டில் தண்ணீரோடு கிளம்பலாம்" என்று பினாங்குக் கொடிமலை (Penang Hill) பற்றி அண்ணன் ஒருவர் எழுதியிருக்கிறார். குளிர் விஷயம் மட்டும் பாதி சரி.

தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படிகள். தைப்பூசத்தன்று பாட்டிமார்கூட ஏறிவிடுகிறார்கள். கொடிமலை உச்சியோ கடல்மட்டத்திலிருந்து 833 மீட்டர். தாவரவியல் பூங்காவிலிருந்து போகும் ஜீப் பாதை சுமார் 5 கிலோமீட்டர், அதுவும் செங்குத்தான ஏற்றம். சாலை போட்டிருப்பதால் சுலபம் என்று நினைக்காதீர்கள். இறங்கும்போது கால் பெருவிரல் நகம் ஷூ முனையில் இடித்துக்கொண்டே வரும்.

உச்சியில் கீழே இருப்பதைவிட நாலைந்து டிகிரி குறைவுதான். ஆனால் அந்தக் குளிர் ஏறி முடித்தவருக்குத்தான். வழியில், மரங்களுக்கு நடுவே காற்று அசையாது. ஈரப்பதம் அதிகம் என்பதால் வியர்வை காயாது. வியர்வை காயாவிட்டால் உடம்புச் சூடு தணியாது. பனியனைப் பிழிந்தால் சொட்டும். ஆளுக்கு இரண்டு லிட்டராவது எடுத்துப்போங்கள், கூடவே கொஞ்சம் உப்புக்கடலை.

அப்புறம் அந்த மதியக் கணக்கு. நம் ஊரில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் பிடிக்கும், ஏப்ரலிலும் அக்டோபரிலும் இன்னும் அதிகம். 2017 நவம்பர் பெருமழையில் இந்த ஜீப் பாதையே மண் சரிந்து துண்டிக்கப்பட்டது. காலை ஏழுக்கே கிளம்பிவிடுங்கள். முட்டி வலிக்காரர்கள் இறங்குவதற்கு மலை ரயில் இருக்கிறது, ஆனால் பள்ளி விடுமுறையில் வரிசையில் நிற்கவும் தெம்பு வேண்டும்.