நியூ மெக்சிகோவின் அல்புகர்க் நகரம்: பெயர் யாருடையது?

அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உள்ள அல்புகர்க் நகரத்துக்கு, கோவாவைக் கைப்பற்றிய போர்ச்சுகீசிய ஆளுநர் அல்போன்சோ டி அல்புகர்க்கின் பெயர் சூட்டப்பட்டது என்று இங்கே பலர் பகிர்ந்திருக்கிறீர்கள். பள்ளிப் பாடத்தில் படித்த பெயர் என்பதால் அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால், அது சரியல்ல.

அந்த ஆளுநர் 1510-இல் கோவாவையும் அடுத்த ஆண்டு மலாக்காவையும் பிடித்து, 1515-இல் காலமானார். அமெரிக்க நகரம் உருவானதோ 1706-இல். அப்பகுதி அப்போது ஸ்பெயினிடம் இருந்தது. போர்ச்சுகலுக்கு அங்கே ஆட்சி இல்லை. உள்ளூர் ஆளுநர் குவெர்வோ இ வால்தேஸ் புதிய குடியேற்றத்தை அமைத்து, மெக்சிகோவில் இருந்த தம் மேலதிகாரியான அரசப் பிரதிநிதியின் பெயரை அதற்குச் சூட்டினார். அந்த அரசப் பிரதிநிதி அல்புர்கெர்க்கே என்ற ஸ்பானியப் பட்டத்தைத் தாங்கிய பிரபு. நகரத்துக்கு இன்றும் 'பிரபு நகரம்' என்ற செல்லப்பெயர் வழங்குவது இதனால்தான். பட்டத்தின் மூல ஊர் ஸ்பெயினின் படகோஸ் மாகாணத்தில், போர்ச்சுகல் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அல்போன்சோவின் குடும்பப் பெயரும் அதே ஊரிலிருந்து வந்ததுதான். குழப்பத்தின் வேர் இங்கேதான் என்று நினைக்கிறேன்.

சரிபார்க்க நேரம் அதிகம் ஆகாது. நல்ல கலைக்களஞ்சியம் ஒன்றில் 'புதிய ஸ்பெயின்' (மெக்சிகோவை மையமாகக் கொண்ட அன்றைய ஸ்பானிய ஆட்சிப்பகுதி) அரசப் பிரதிநிதிகளின் பட்டியலை எடுத்து, 1706-இல் பதவியில் இருந்தவர் யார் என்று பாருங்கள். பிறகு நகர நிர்வாகம் தன் இணையதளத்தில் தந்திருக்கும் வரலாற்றோடு ஒப்பிடுங்கள். முடிந்தால் பகிர்ந்த பதிவையும் திருத்திவிடுங்கள். மாணவர்களும் இதைப் படிக்கிறார்கள்.