“அன்னிக்கே ஏன் புகார் கொடுக்கல?”

இணையத்தில் சுற்றும் அந்தச் சாதி வன்கொடுமைக் காணொளியைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எல்லாரும் பார்த்திருப்பீர்கள், திரும்ப விவரிக்கப் போவதில்லை. ஆனால் அதன் கீழே வரிசையாக ஒரே கேள்வி: “நடந்து பத்து நாள் ஆச்சே, அன்னிக்கே ஏன் புகார் கொடுக்கல?” என்னமோ புகார் கொடுப்பது ரேஷன் கடையில் கைரேகை வைப்பது மாதிரி.

2009-ல் என் அண்ணனை அடித்தார்கள். ஆதிக்கச் சாதிக்காரர்கள் தெருவில் வண்டியை விட்டு இறங்காமல் போனதற்காக. அப்பாவும் நானும் அண்ணனைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனோம். முதல் கேள்வி, “எந்த ஊரு?” இரண்டாவது, “ஊரா, காலனியா?” அப்புறம் “வெள்ளைத்தாள் வாங்கிட்டு வா” என்றார் ஏட்டு. எதிர்க்கடையில் நாலு தாள் வாங்கிக்கொண்டு வருகிறேன், அடித்தவனின் சித்தப்பா நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார். நாங்கள் இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை. அவருக்கு யார் சொன்னது? இரவு பதினொரு மணிக்கு, நான் காசு கொடுத்து வாங்கிய தாளிலேயே, ‘சமாதானமாகப் போகிறோம்’ என்று எங்களிடம் எழுதி வாங்கினார்கள். மறுநாளிலிருந்து அப்பாவுக்கு வேலை இல்லை. அவர் வேலை பார்த்தது அந்தச் சித்தப்பாவின் வயலில்.

இதுதான் விஷயம். சொன்னது யார் என்பது வெளியே போய்விடும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் என்ன நடந்தது? தன்னைத் துன்புறுத்தியவர்களைப் பற்றிப் பள்ளியில் சொன்ன பையனை வீடு தேடி வந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. சொன்னதற்குத்தானே? இதற்குப் பிறகும் ‘ஏன் சொல்லல’ என்று கேட்க உங்களுக்கு வாய் வருகிறது.

14566 என்று ஒரு எண் இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடியினர் மீதான வன்கொடுமைப் புகார்களுக்கான தேசிய உதவி எண், 2021 டிசம்பரில் வந்தது, கட்டணம் கிடையாது. ஸ்டேஷன் வாசலில் நிற்காமல் வீட்டிலிருந்தே பேசலாம், புகாருக்கு ஒரு பதிவு எண் தருவார்கள். “அதுவும் கடைசியில் அதே போலீசுக்குத்தானே போகும்?” என்பீர்கள். போகும். மறுக்கவில்லை. ஆனால் ‘அப்படி யாரும் வரவே இல்லையே’ என்று ஏட்டு சொல்ல முடியாது. 2009-ல் எங்களிடம் அது இல்லை. கூப்பிட்டவர் பெயர் ஊருக்குள் கசியாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்த எண்ணுக்கு உயிர். அது கசிந்தால் ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள்.

“பொய் வழக்கு போடுறாங்க” கோஷ்டிக்கு: 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உங்கள் பேச்சைக் கேட்டு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதியும் முன் விசாரணை வேண்டும் என்றது. அதே வருஷம் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தில் 18ஏ பிரிவைச் சேர்த்து அதைத் தூக்கிவிட்டது. சாட்சிகள் பல்டி அடிப்பதால் தோற்கிற வழக்கையெல்லாம் ‘பொய்’ என்று எண்ணிக்கொள்கிறீர்கள். சாட்சி ஏன் பல்டி அடிக்கிறான்? அவனுக்கும் யாரோ ஒருவர் வயலில்தான் வேலை. சரி, விடுங்கள், உங்களோடு பேசிப் பலன் இல்லை.

இத்தனையும் முன்பின் தெரியாதவர்கள் எழுதியிருந்தால் ஸ்க்ரோல் செய்துவிட்டுப் போயிருப்பேன். அந்தக் கேள்விக்கு லைக் போட்டவர்களில் ஒருவர் என் நண்பர். அண்ணன் கல்யாணத்தில் பந்தியில் நின்று பரிமாறியவர். அன்று அண்ணன் நெற்றியில் இருந்த தையல் தழும்பைப் பார்த்து “என்னாச்சு?” என்று கேட்டதும் அவர்தான். எல்லாம் சொன்னேனே.

இன்று காலை வழக்கம்போல் குட்மார்னிங் அனுப்பியிருக்கிறார். பத்து நாள் கழித்துப் பதில் போடுகிறேன். ஏன் அன்னிக்கே போடல என்று கேட்கட்டும்.