மிசிசிப்பி வாசிப்புப் புள்ளிகள் பற்றி ஒரு திருத்தம்

அண்ணா, அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலப் பிள்ளைகளின் வாசிப்புப் புள்ளி உயர்ந்தது, தவறியவர்களை மூன்றாம் தரத்திலேயே நிறுத்தியதால் மட்டும்தான், கொழும்புப் பாடசாலைகளிலும் அதையே செய்யலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். காலக்கணக்கு பொருந்தவில்லை.

வாசிப்பில் தவறியவர்களை மூன்றாம் தரத்தில் நிறுத்தும் சட்டம் அங்கே வந்தது 2013இல். அதன்படி முதல் வாசிப்புச் சோதனை 2015 ஏப்ரலில். ஆனால் அமெரிக்கத் தேசிய மதிப்பீட்டில் மிசிசிப்பியின் நாலாம் தர வாசிப்புச் சராசரி 2013இல் 209, 2015 தொடக்கத்தில் 214. அந்த ஐந்து புள்ளியும் இந்தச் சட்டத்தால் ஒரு பிள்ளைகூட நிறுத்தப்படும் முன்பே வந்துவிட்டது. அதற்குள் ஆசிரியர் பயிற்சியும் வாசிப்புப் பயிற்றுநர்களை அனுப்புவதும் தொடங்கியிருந்தன.

அந்தத் தேசிய மதிப்பீட்டின் முடிவுகளை வெளியிடும் நேஷன்ஸ் ரிப்போர்ட் கார்ட் இணையத்தளத்தில் மிசிசிப்பி, நாலாம் தரம், வாசிப்பு என்று தெரிவுசெய்தால் ஆண்டுவாரியாகக் காட்டும். 2024 வரை பாருங்கள், 219. ஆரம்பப் பிரிவுக்குப் படிப்பிக்கிறவள் என்பதால் கேட்கிறேன், பதிவைத் திருத்திவிடுங்கள்.