பெருந்தொற்று உடன்படிக்கையால் மலேசியாவுக்குப் புதிய வரியா?

“உலகச் சுகாதார நிறுவனத்தின் பெருந்தொற்று உடன்படிக்கையால் மலேசியா ஆண்டுதோறும் கட்டாய வரி செலுத்த வேண்டும்” எனக் கோலாலம்பூர், பினாங்குத் தமிழர்களின் புலனக் குழுக்களில் சுற்றிவரும் செய்தி தவறானது.

பெருந்தொற்றுகளை நாடுகள் இணைந்து தடுக்கவும் எதிர்கொள்ளவும் 2025 மே 20 அன்று ஏற்கப்பட்ட அவ்வுடன்படிக்கை எந்த நாட்டின்மீதும் வரி விதிக்கவில்லை. ஊரடங்கையோ தடுப்பூசியையோ ஒரு நாட்டின்மீது திணிக்கும் அதிகாரம் அந்நிறுவனத்துக்கு இல்லை என்றும் அதிலேயே எழுதப்பட்டுள்ளது. உறுப்பு நாடுகள் நெடுங்காலமாகச் செலுத்திவரும் சந்தா வேறு. அதே மாதத்தில் அதை 20 விழுக்காடு உயர்த்த ஒப்புதல் கிடைத்ததே இந்தக் குழப்பத்துக்கு வித்திட்டிருக்கலாம். உலக வங்கியில் 2022இல் தொடங்கப்பட்ட பெருந்தொற்று நிதியமோ, அரசுகளும் அறக்கட்டளைகளும் தாமாக முன்வந்து வழங்கும் தொகையால் இயங்குகிறது.

பெருந்தொற்றுக்கு முன்கூட்டியே ஆயத்தமாவது “வீண் செலவு” என்பதும் கணக்குக்கு ஒத்துவராது. முன்னேற்பாட்டுக்கு ஆண்டுதோறும் கூடுதலாக 10.5 பில்லியன் டாலர் பன்னாட்டு நிதி தேவை என உலக வங்கியும் உலகச் சுகாதார நிறுவனமும் 2022இல் மதிப்பிட்டன. கோவிட்டால் 2024 வரையில் உலகப் பொருளாதாரத்துக்கு ஏற்படும் இழப்பைப் பன்னாட்டு நாணய நிதியம் அதே ஆண்டில் 13.8 டிரில்லியன் டாலராகக் கணித்தது. அவ்வளவு தூரம் போவானேன்? 1998–99இல் நிப்பா வைரஸ் நோய் பரவியபோது, நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களோடு, பத்து லட்சத்துக்கும் அதிகமான பன்றிகளையும் இழந்த நாடு மலேசியா.